செப்டெம்பர் விதையா, நவம்பர் விதையா? ரொறொன்ரோப் புல்தரைக்குக் குளிருக்கு முந்தைய கணக்கு

ரொறொன்ரோ வட்டாரத்தில் பலர் புல் விதைப் பையைக் கையில் எடுப்பது ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டிய நன்றியறிதல் நாள் விடுமுறையில்தான். வேலைக்கு ஓய்வு, வெயிலும் இதமாக இருக்கும். விதைக்கு மட்டும் அதைவிடக் கெட்ட நாள் இல்லை. செப்டெம்பர் விதைப்புக்கு அது பிந்திவிட்டது, நவம்பர் விதைப்புக்கு இன்னும் முந்தி. போட்டி உண்மையில் இந்த இரண்டு மாதங்களுக்கும் இடையில்தான்.

விதைக்குக் காற்றின் சூடு முக்கியமில்லை, மண்ணின் சூடுதான் முக்கியம். ஓகஸ்ட் 20 முதல் செப்டெம்பர் 20 வரை மண்ணில் கோடைச் சூடு மிச்சமிருக்கும். இரவு குளிர்ந்து பனித்துளி விழும். கோடையில் பரவிய கிராப்கிராஸ் களையும் முதல் உறைபனியோடு செத்துவிடும். கென்டக்கி புளூகிராஸ் என்ற புல் வகை முளைக்க 14 முதல் 28 நாள் எடுக்கும், அதன்பின் வேர் பிடிக்க ஆறு கிழமையாவது வேண்டும். ஒக்டோபர் 10-ல் தூவினால் முளை தெரியவே நவம்பர் வந்துவிடும். மண் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது அந்த இரண்டு இலைக் குருத்தை வேரோடு மேலே தள்ளிவிடும்.

நவம்பர் விதைப்பின் நோக்கமே வேறு. விதை இப்போது முளைக்கக் கூடாது, பனிக்கடியில் தூங்கி ஏப்ரலில் எழ வேண்டும். அதனால் 5 செ.மீ. ஆழத்தில் மண் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போய், அங்கேயே நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் நவம்பர் பாதிக்குப் பிறகுதான் அது நடக்கும். சமையலறையில் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி, 0 பாகைவரை காட்டுமானால், இதற்குப் போதும். இதில் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். உருகும் பனியே அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இடையில் ஒரு கிழமை வெயில் எறித்தால் விதை ஏமாந்து முளைத்துச் சாகும். சரிவான இடத்தில் உருகும் நீர் விதையை அடித்துப்போகும், குருவியும் பொறுக்கும். இழப்பைக் கணக்கில் எடுத்து 25 முதல் 50 விழுக்காடு வரை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

நவம்பர் விதைப்பில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுப் புல்தரைக்கு வழக்கமான களைகொல்லிகள் தடை. வசந்தத்தில் கிராப்கிராஸைத் தடுக்க மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது சோளக் குளூட்டன் மா. முளைக்கிற எந்த விதையின் வேரையும் அது கெடுக்கும், உங்கள் புல் விதைக்கு விதிவிலக்குக் கிடையாது. செப்டெம்பரில் போட்ட புல்லுக்கு ஏப்ரலில் வேர் இருக்கும், மாவைத் தூவலாம். நவம்பரில் போட்டவர் அந்த வசந்தத்தில் அதைத் தொட முடியாது.

ஆகவே தரை முழுவதற்குமென்றால் செப்டெம்பர். தவறவிட்டவருக்கும், அங்கிங்கு வெறும் திட்டுகளை அடைக்க நினைப்பவருக்கும் நவம்பர். இரண்டும் சமம் என்று சொல்ல மாட்டோம்.

எந்த விதை?

புளூகிராஸ் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும், கிழிந்த இடத்தைத் தானே தைத்துக்கொள்ளும். ரை கிராஸ் 5 முதல் 10 நாளில் முளைத்து மனதைக் குளிர்விக்கும், ஆனால் கொத்தாகவே நிற்கும், கடுங்குளிரும் அதற்கு ஆகாது. டோல் ஃபெஸ்கியூவும் கொத்துப் புல்தான். வேர் ஆழம், வறட்சியையும் உப்பையும் புளூகிராஸைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இளம் பயிராகக் குளிருக்குள் போனால் அடிபடும், அதனால் செப்டெம்பர் முதல் பாதிக்குள் போட்டுவிட வேண்டும்.

இருக்கும் புல்லுக்கு மேல் தூவ, 100 சதுர மீட்டருக்குப் புளூகிராஸ் 0.5 முதல் 1 கிலோ போதும். ரை, டோல் ஃபெஸ்கியூ என்றால் 2 முதல் 3 கிலோ. புளூகிராஸ் விதை பொடி போன்றது, ஒரு கிலோவில் எண்ணிக்கை பல மடங்கு. கலவைப் பை வாங்கினால் ரை எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் முதலில் முளைக்கும் அது, பிந்தி வரும் புளூகிராஸை நெருக்கிவிடும். நவம்பர் விதைப்பில் ரை வேண்டவே வேண்டாம், முதல் வெயிலுக்கே அவசரப்பட்டு முளைப்பது அதுதான்.

குழாயா, முள்ளா?

இந்த வட்டாரத்துப் புது வீடுகள் பலவற்றில் களிமண்ணுக்கு மேல் மெல்லிய மேல்மண்தான் கிடக்கும், அதனால் மண் இறுகும். விதைக்கு முன் துளையிட்டு அதை இளக்க வேண்டும். முள் வைத்த செருப்பு துளை போடும். ஆனால் மண்ணை வெளியே எடுக்காது, பக்கவாட்டில் இன்னும் நெருக்கும். களிமண்ணில் அது நேர்மாறான வேலை. வாடகைக்குக் கிடைக்கும் குழாய் இயந்திரம் 5 முதல் 8 செ.மீ. நீள மண் கட்டைகளைப் பிடுங்கி வெளியே போடும். மழைக்கு மறுநாள், நெடுக்கும் குறுக்குமாக இரண்டு முறை ஓட்டுங்கள். காய்ந்த மண்ணில் குழாய் 2 செ.மீ. கூட இறங்காது, சேறாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். நீர்த்தெளிப்பான் தலைகளுக்குக் கொடி குத்திவிட்டுத் தொடங்குங்கள். கட்டைகளை வாரத் தேவையில்லை, தானே கரையும்.

செப்டெம்பர் விதைப்புக்கு வரிசை இது: புல்லை 4-5 செ.மீ. வரை ஒட்ட வெட்டுங்கள், துளையிடுங்கள், விதை தூவுங்கள், மேலே அரை செ.மீ. கம்போஸ்ட் பரப்புங்கள் (100 சதுர மீட்டருக்கு அரைக் கன மீட்டர்). முளைக்கும்வரை நாளுக்கு இருமுறை மேற்பரப்பை மட்டும் ஈரப்படுத்துங்கள்.

புல்வேரைத் தின்னும் வண்டுப் புழு இருக்கும் தரையென்றால், அதைக் கொல்லும் நூற்புழுவையும் (நெமற்றோடு) இதே ஈரத்தில் விடலாம். ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் நடு வரை வண்டுப் புழு சிறிதாக இருக்கும், மண்ணும் சூடாக இருக்கும். மாலையில் தெளித்து, இரண்டு கிழமை மண்ணைக் காயவிடாதீர்கள். ஒக்டோபரில் ஸ்கங்கும் ரக்கூனும் வண்டுப் புழுவைத் தேடிப் புல்லைப் பாய்போலச் சுருட்டிய பிறகு ஓடிப்போய் நூற்புழு வாங்கினால் காசுக்குக் கேடு. வண்டுப் புழு அதற்குள் பெருத்துவிடும், மண் குளிர்ந்துவிடும்.

பசளை: இப்போதா, "வின்டரைசரா"?

"வின்டரைசர்" என்று விற்கும் குளிருக்கு முந்தைய பசளையின் பின்னால் இருக்கும் பழைய போதனை இது: கடைசி வெட்டுக்குப் பிறகு நவம்பரில் நைதரசன் கொடு, இலை வளராது, வேர் சேமிக்கும். அதில் பாதி உண்மை இருக்கிறது. இலை பச்சையாக இருக்கும்வரை புல் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மண் குளிரக் குளிர வேர் நைதரசனை இழுப்பது குறைந்துபோகும். எடுக்காத மிச்சம் மழையிலும் பனிநீரிலும் கீழே கழுவிப்போகும். மெதுவாகக் கரையும் உறையிட்ட மணிகளை நவம்பரில் போடுவது இன்னும் வீண், அவை திறக்கச் சூடு வேண்டும்.

செப்டெம்பர் நடுவில் 100 சதுர மீட்டருக்கு 0.5 கிலோ நைதரசன் கொடுங்கள். பையில் 25-0-10 என்றிருந்தால் கால் பங்கு நைதரசன், ஆகவே 2 கிலோ மணி. இதைக் கொடுத்தவருக்கு வின்டரைசர் பை தேவையில்லை. தவறவிட்டவர், புல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், விரைவில் கரையும் வகையில் பாதியளவை ஒக்டோபர் நடுவுக்குள் கொடுக்கலாம். அதற்குமேல் பிந்தி ஊட்டிய மெத்தென்ற புல் பனிக்கடியில் பனிப்பூஞ்சணத்துக்கு நல்ல விருந்து. "இலையுதிர்காலத்தில் சுண்ணாம்பு போடு" என்ற அறிவுரை வேறு ஊர்களிலிருந்து வந்தது. தெற்கு ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணக்கல்லில் பிறந்தது, மண் சோதனை கேட்காமல் போடாதீர்கள்.

இலைச் சருகை வாரிக் காகிதப் பையில் கட்டுவதைவிட வெட்டும் இயந்திரத்தாலேயே தூளாக்குவது மேல். இரண்டு முறை ஓட்டியபின் புல்லின் நுனி தெரிந்தால் அப்படியே விடுங்கள், தெரியாவிட்டால் மிச்சத்தை வாருங்கள். நோர்வே மேப்பிள் நிற்கும் வளவில் இந்த வேலை நவம்பர் வரை இழுக்கும். செப்டெம்பர் நாற்றின் மேல் விழுந்த சருகை மட்டும் வாராமல் ஊதித் தள்ளுங்கள், வாரியின் பல் நாற்றைப் பிடுங்கிவிடும். கடைசி வெட்டு 5-6 செ.மீ. அதைவிட நீளமாக விட்டால் மடிந்து படுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

நடைபாதையையும் வாகனப் பாதையையும் ஒட்டிய ஒரு மீட்டர் பட்டையை நவம்பர் விதைப்பில் சேர்க்காதீர்கள். உப்புக் கலந்த பனியை அள்ளிக் கொட்டும் இடம் அதுதான். வசந்தத்தில் நன்றாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிட்டு, அடுத்த செப்டெம்பரில் அங்கே டோல் ஃபெஸ்கியூ தூவுங்கள்.