பத்மினியின் ரெக்சின் டாப்: லீவில் ஊர் வந்து இந்த வேலையை முடிப்பது எப்படி

சென்னை வீட்டுப் போர்டிகோவில் அப்பா காலத்து பிரீமியர் பத்மினி கார். அதன் கூரைமேல் ஒட்டியிருந்த கறுப்பு ரெக்சின் டாப் வெயிலில் வெடித்து, பின் கண்ணாடி ஓரத்தில் சுருண்டு எழும்பிவிட்டது. வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. டாப்பைப் பிரித்து, துருவைச் சரிசெய்து, பெயிண்ட் அடித்து முடிக்க மூன்று வாரம் வேண்டும். வந்து இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் ரெக்சினைக் கிழித்துவிட வேண்டும். தகட்டைக் கண்ணால் பார்க்காமல் யார் சொல்லும் ரேட்டுக்கும் அர்த்தமில்லை.

கிழிப்பதற்கு முன் ஒரு சோதனை. எழும்பியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கித் திரும்பி எழுந்தால் பசை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அப்பளம் நொறுங்குவதுபோல உள்ளே சத்தம் கேட்டால் துரு பொருக்குப் பொருக்காக உரிந்து நிற்கிறது. பசை மட்டும் விட்டிருந்தால் ஓரத்தைத் தூக்கி, பழைய பசையைத் துடைத்து, புதிதாக ஒட்டி இன்னும் சில வருடம் ஓட்டலாம். துரு என்றால் மேலே எதை ஒட்டினாலும் வீண்.

இந்த வண்டியின் டாப் ஆலையில் வந்தது அல்ல, பிறகு வெளியே ஒட்டியது. பின் தூணில், அதாவது பின் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் கூரையைத் தாங்கும் தகட்டில், பீடிங்கை (ஓரப் பட்டையை) திருகு போட்டுப் பிடித்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயிண்டைத் துளைத்து இறங்கிய ஒவ்வொரு திருகும் தண்ணீருக்கு ஒரு வழி. ரெக்சினுக்கு அடியில் மெத்தென்று இருக்கட்டும் என்று மெல்லிய ஃபோம் வைத்திருப்பார்கள். கண்ணாடி ரப்பர் இறுகிப்போனதும் மழைத்தண்ணீர் அந்த ஃபோமுக்குள் போய்த் தங்கிவிடும். வெயிலில் மேற்புறம் காய்ந்தாலும் அடிப்புறம் ஈரம் போகாது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கூரையின் நடுப்பகுதி நன்றாக இருக்க, பின் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலைகள், பின் தூணின் அடி, முன் கண்ணாடிக்கு மேலுள்ள விளிம்பு, மழைநீர் ஓடும் கட்டர் ஆகிய இடங்கள் மட்டும் அரித்துப்போகின்றன.

பிரிக்கும்போது முதலில் இரண்டு கண்ணாடிகளும் வெளியே வர வேண்டும். ரப்பருக்கு மேலே பிளேடு வைத்துச் சுற்றி வெட்டிவிட்டு வேலையைத் தொடங்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ரப்பருக்கு அடியில் மடங்கியிருக்கும் ரெக்சின் துண்டு அங்கேயே நின்றுவிடும், துருவும் அங்கேதான் இருக்கிறது. பழைய ரப்பரைக் காப்பாற்ற முயல வேண்டாம். அதை அறுத்தெடுத்துவிட்டு, முன்னும் பின்னும் புது ரப்பரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம். புது ரப்பரின் வளைவைப் பழையதோடு வைத்துப் பார்த்து வாங்குவது முக்கியம்.

அடுத்து ரெக்சினை ஆறு அங்குல அகலப் பட்டைகளாகக் கீறி, ஹீட் கன்னால் சூடு காட்டி, மெதுவாகப் பின்னோக்கி மடக்கி இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மேல் தோல் மட்டும் வந்து, துணியும் ஃபோமும் தகட்டிலேயே நிற்கும். மீதமுள்ள பசையின்மேல் தின்னரில் நனைத்த துணியைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கால் மணி நேரம் விட்டால் பசை இளகும். மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் பட்டையால் வழித்து எடுக்கலாம். இது திறந்த வெளியில் செய்யும் வேலை, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. அவசரத்துக்குக் கிரைண்டரை எடுப்பவரை உடனே நிறுத்துங்கள். பசை டிஸ்க்கில் ஒட்டி இழுபடும், அகலமான மெல்லிய தகடு சூடேறி அலையலையாக நெளிந்துவிடும். நெளிந்த கூரையை மறுபடி சமமாக்குவது தகடு தட்டும் நல்ல டிங்கருக்கே பெரிய பாடு.

தகடு வெறுமையானதும் கையில் ஒரு காந்தமும் ஒரு குத்தூசியும் இருந்தால் போதும். காந்தம் ஒட்டாத இடம் பழைய பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் கலவை. குத்தூசி இறங்கும் இடத்தை வெட்டியெடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பேரம் பேச வேண்டும். "சார், பட்டி வெச்சு இழுத்துடலாம், வெளிய ஒண்ணும் தெரியாது" என்று பெயிண்டர் சொல்வார். பெயிண்ட் அடித்த அன்று தெரியாதுதான். ஓட்டைமேல் வைத்த பட்டி பின்பக்கத்திலிருந்து ஈரத்தை இழுத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கொப்பளித்துவிடும். ஓட்டை அடைக்கும் எம்-சீல் வைத்தாலும் அதே கதைதான். திருகு ஓட்டை உட்பட எல்லாவற்றையும் வெல்டிங்கில்தான் மூட வேண்டும்.

கேஸ் வெல்டிங் கூரைக்கு ஆகாது, சூடு பரவித் தகடு நெளியும். சி.ஓ.டூ வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயு காப்பில் மின்சாரத்தால் செய்வது) ஒரு புள்ளி இங்கே, அடுத்தது நாலு அங்குலம் தள்ளி என்று விட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உள்ளே ரூஃப் லைனிங் முழுவதையும் இறக்க வேண்டும், பாட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க் வண்டியின் பின்பக்கம் இருப்பதால், பின் தூண் வேலைக்கு முன் டேங்க்கைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வைப்பதே சரி. இதைச் சோம்பல்பட்டுத் தவிர்ப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அந்த அமிலத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, முற்றிலும் உலர்த்திவிட்டு அன்றே துரு தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். அமிலம் மிஞ்சினால் பிரைமர் பிடிக்காது, ஒரு ராத்திரி வெறுந்தகடாக விட்டால் சென்னைக் காற்றுக்குக் காலையில் செம்பழுப்பு படிந்திருக்கும். பட்டி வைப்பது பிரைமருக்கு மேல்தான், அதுவும் 2 மி.மீ.க்கு மிகாமல். கட்டரின் மூட்டுகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர். பிறகு பரப்பைச் சமமாக்கும் சர்ஃபேசர் பூச்சு, 400 நம்பர் தேய்ப்பு, 800 நம்பர் வாட்டர் பேப்பர், கடைசியாக ஹார்ட்னர் கலக்கும் பி.யு. (பாலியுரிதேன்) பெயிண்ட். செலவு குறைவென்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிப்பதானால் மார்கழிக் காலையில் வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பெயிண்ட் பால்போல வெளுக்கும். வெயில் ஏறி, பனி முழுக்க விலகிய பிறகு அடிக்கட்டும்.

மறுபடி ரெக்சினே வேண்டும் என்பவர்கள் பெயிண்ட் வரைக்கும் எல்லா வேலையையும் செய்த பிறகுதான் ஒட்ட வேண்டும். சீட் ரெக்சின் வெயில் தாங்காது, வெளியுபயோகத்துக்கென்று வரும் கெட்டி ரகத்தைக் கேளுங்கள். 54 அங்குல அகலத்தில் 3 மீட்டர், ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற பசை 2 லிட்டர் போதும். ஃபோம் வைக்காதீர்கள். சாக்பீஸால் நடுக்கோடு போட்டு, பாதியை மடித்து, தகட்டிலும் ரெக்சினின் துணிப்புறத்திலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். மூலைகளில் சுருக்கம் போக வேண்டுமென்று விறைப்பாக இழுத்தால், பின்னால் ரெக்சின் சுருங்கி ரப்பருக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிடும். நம் அபிப்பிராயத்தில் சென்னை வெயிலுக்கும் மழைக்கும் வெறும் பெயிண்டே மேல். வண்டி வருடம் பூரா நின்றுகொண்டிருக்கும் வீட்டில் இது இன்னும் பொருந்தும்.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டியது: கைவேலை சுத்தம், கூலியும் வெளிநாட்டோடு பார்த்தால் மிகக் குறைவு. சிக்கல் வேறு இடத்தில். டிங்கர், பெயிண்டர், குஷன் கடைக்காரர், கண்ணாடி போடுபவர் என்று நாலு பேர் தனித்தனியாக வருகிறார்கள். ஒருவர் முடித்ததை மற்றவர் பார்ப்பதில்லை, தண்ணீர் கசிந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். மொத்தக் காண்ட்ராக்ட் வேண்டாம். பிரிப்பு, வெல்டிங், எபாக்சி, பெயிண்ட், கண்ணாடி என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். வெல்டிங் முடிந்து பிரைமர் அடிப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது குடும்பத்தில் ஒருவரை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பிரைமர் அடித்துவிட்டால் பட்டியா தகடா என்று கண்ணுக்குத் தெரியாது.

டிசம்பரில் வருபவர்கள் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். போகி முதல் காணும் பொங்கல் வரை பட்டறை ஓடாது, ஆட்கள் சொந்த ஊர் போய்த் திரும்ப இன்னும் சில நாள் ஆகும். ஜனவரி பத்துக்குள் பெயிண்ட் முடியாதென்று தெரிந்தால் எபாக்சியோடு நிறுத்தி, கண்ணாடி போட்டுப் போர்டிகோ நிழலில் விட்டுவிட்டுப் போகலாம். எபாக்சி வெயிலில் மாவாக உதிரும், நிழலில் தாங்கும். அடுத்த முறை வந்ததும் லேசாகத் தேய்த்து மேலே தொடரலாம்.

ரூஃப் லைனிங்கைக் கடைசியில் போடுங்கள். கண்ணாடி போட்டதும் ஹோஸ் பைப்பைக் கட்டர்மேல் பத்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளிருந்து டார்ச் அடித்து நாலு மூலையையும் பார்த்த பிறகுதான் குஷன் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும்.