வேலிக்குக் காசா, மேய்ச்சலுக்குக் காசா? அமெரிக்க மானியத் திட்டங்கள் இரண்டு

நூறு ஏக்கர் புல்வெளியில் மாடுகளை மொத்தமாகத் திறந்துவிட்டால், பிடித்த புல்லைத் தரையோடு கரம்பிவிட்டு, பிடிக்காததைத் தொடாமல் விட்டுவிடும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறு மிதிபடும். தூரத்து மூலையில் புல் முற்றிக் கிடக்கும். அதே நிலத்தைத் துண்டு துண்டாக அடைத்து, ஒரு துண்டில் ஓரிரு நாள் மேயவிட்டு அடுத்ததற்கு ஓட்டி, மேய்ந்த துண்டு மறுபடி தழையும்வரை காத்திருப்பதுதான் சுழற்சி மேய்ச்சல். காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அமெரிக்காவில் இதற்கு மாறும் விவசாயிக்கு மத்திய அரசு பணம் தருகிறது. விவசாயத் துறையின் என்ஆர்சிஎஸ் (NRCS) என்ற இயற்கைவளப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் இரண்டு திட்டங்கள்தான் முக்கியமானவை: ஈக்விப் (EQIP, சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம்), சிஎஸ்பி (CSP, வளப் பராமரிப்புத் திட்டம்). ஒரே அலுவலகத்தில்தான் இரண்டுக்கும் மனு கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டும் பணம் கொடுப்பது வேறு வேறு காரியத்துக்கு.

1996 விவசாயச் சட்டத்தில் வந்த ஈக்விப், வேலை முடித்ததற்குப் பணம் தரும் திட்டம். வேலி, தொட்டி, குழாய் ஆகியவற்றைத் தரக்குறிப்புப்படி போட்டு முடித்து, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் பணம் கைக்கு வரும். நாம் காட்டும் பில்லுக்கு ஏற்றபடி அல்ல. வேலி என்றால் அடிக்கு இவ்வளவு என்று மாநிலவாரியாக வகுத்த விலைப்பட்டியல்படி. பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், முன்னாள் ராணுவத்தினர், வருமானம் குறைந்தவர் போன்றோருக்கு 90 சதவீதம் வரை. அவர்கள் கேட்டால் பாதியை முன்பணமாகவும் தருவார்கள். கையில் காசில்லாமல் தொடங்குபவருக்கு அந்த முன்பணம்தான் உயிர். 2018 சட்டம் ஈக்விப் நிதியில் குறைந்தது பாதியைக் கால்நடை சார்ந்த வேலைகளுக்கு ஒதுக்கச் சொன்னதால், மேய்ச்சல்காரர்களுக்கு இதில் நல்ல இடம் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் ஒரு வேலிக்கால் நட்டாலும், அந்த வேலைக்கு மானியம் போய்விடும். முன்கூட்டியே எழுத்துமூலம் விலக்கு வாங்கியிருந்தால்தான் தப்பலாம். 'புல் வளர்கிற காலம் போகுதே' என்று அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிஎஸ்பி ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு ஒருமுறை பணம். ஈக்விப்புக்கு ஒரு வயல் மட்டும் போதும், சிஎஸ்பியில் பண்ணை முழுவதையும் சேர்க்க வேண்டும். உள்ளே நுழையவே, மண், தண்ணீர், செடிகொடி போன்ற வளங்களில் குறைந்தது இரண்டை ஏற்கெனவே நன்றாகப் பராமரித்துக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்குள் இன்னொன்றையும் எட்ட வேண்டும். சின்னப் பண்ணைகளுக்கு வரும் தொகை முன்பு அற்பமாக இருந்தது. குறைந்தபட்ச ஆண்டுத் தொகையை 1,500 டாலரிலிருந்து 4,000 டாலராக 2024ல் உயர்த்தியது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

எனக்குச் சிஎஸ்பி மேல் கூடுதல் மதிப்பு உண்டு. காரணம், தினசரி உழைப்பு. விவசாயி காலையில் மின்சாரம் பாயும் வேலிக்கயிறு சுற்றிய ராட்டையோடு போகிறார். காலால் மிதித்து இறக்கும் லேசான கம்பங்களை இடைவெளி விட்டு ஊன்றுகிறார். புல்லின் உயரத்தை முழங்காலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், சாணி இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று கவனிக்கிறார், பிறகுதான் கயிற்றைத் திறக்கிறார். அந்தக் கணக்குதான் மேய்ச்சலே. ஈக்விப்பிலும் மேய்ச்சல் நிர்வாகத்துக்கு ஏக்கர் கணக்கில் பணம் உண்டு என்றாலும், என்ஆர்சிஎஸ் விதிப்படி போட்ட வேலியை 20 ஆண்டு பராமரிக்க வேண்டும், திட்டமிட்ட மேய்ச்சலை 1 ஆண்டு கடைப்பிடித்தால் போதும். வேலி நின்றுகொண்டே இருக்கும், மாட்டை மாற்றிக் கட்டுவது நின்றுபோகும். மானியம் தீர்ந்ததும் கதவுகளை எல்லாம் திறந்துபோட்டுப் பழையபடி மேயவிட்டால், அந்தக் கம்பிக்குக் கொடுத்த காசு வீண்தான்.

ஆனாலும் உள்வேலியே இல்லாத, தண்ணீர் ஒரே மூலையில் மட்டும் உள்ள நிலம் என்றால் ஈக்விப்தான் முதலில். அதிலும் வேலியைவிடத் தண்ணீருக்கு முன்னுரிமை கொடுங்கள். கயிற்றை நாளைக்கே நகர்த்தலாம். புதைத்த குழாயை அப்படி நகர்த்த முடியாது. இரண்டு மூன்று ஆண்டு மாடு மாற்றிப் பழகி, மேய்ந்த தேதிகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு சிஎஸ்பிக்குப் போனால் மனு வலுவாக இருக்கும். ஏற்கெனவே சுழற்றி மேய்ப்பவர் நேராகச் சிஎஸ்பிக்கே போகலாம்.

குத்தகை நிலத்தில் மேய்ப்பவருக்கு இரண்டுமே கடினம். ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் தன் கையில் இருக்கும் என்று காட்ட வேண்டும். நிலையான வேலிக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் தேவை. ஆண்டுக்காண்டு வாய்மொழிக் குத்தகையில் ஓட்டுபவர், மனு எழுதும் முன் நில உரிமையாளரோடு உட்கார்ந்து ஐந்தாண்டுக் குத்தகையைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் முதல் வேலை.