நால்ட்ரெக்சோனா, புப்ரெனார்ஃபினா: ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீளும் மருத்துவருக்கு எது?

ஃபென்டனில் (மார்ஃபின் போன்ற, வீரியம் மிகுந்த ஓபியாய்டு வலிமருந்து) எட்டும் தூரத்திலேயே இருக்கும் மயக்கவியல் மருத்துவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி மிகக் கூர்மையானது. அமெரிக்காவில் இரண்டு மருந்துகளும் பயன்பாட்டில் உள்ளன. நால்ட்ரெக்சோன் ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும்; புப்ரெனார்ஃபின் தானே ஒரு மிதமான ஓபியாய்டு, ஏக்கத்தை அடக்கும்.

தொடக்கம்
நால்ட்ரெக்சோன்: 7 முதல் 10 நாள் ஓபியாய்டு இல்லாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கடும் விலகல் அறிகுறிகள் (பழகிய ஓபியாய்டு கிடைக்காதபோது வரும் உடல் உபாதைகள்) திடீரென்று தாக்கும். பலர் இந்தக் கட்டத்திலேயே விழுகிறார்கள்.
புப்ரெனார்ஃபின்: விலகல் அறிகுறி தெரிந்ததும், அதுவரை எடுத்தது குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டானால் 12 மணி நேரத்துக்குப் பிறகு, நாக்கடியில் தொடங்கலாம்.

அளவு
நால்ட்ரெக்சோன்: தினம் 50 மி.கி. மாத்திரை, அல்லது மாதம் ஒருமுறை 380 மி.கி. ஊசி. மாத்திரையை மறைத்துத் தவிர்ப்பது எளிது, ஊசியே நம்பகமானது.
புப்ரெனார்ஃபின்: பெரும்பாலும் தினம் 8 முதல் 24 மி.கி.

நிறுத்தினால்
நால்ட்ரெக்சோன்: ஓபியாய்டைத் தாங்கும் உடலின் திறன் போயிருக்கும். ஓபியாய்டைப் பழைய அளவில் போட்டால் மூச்சு நின்றுவிடலாம்.
புப்ரெனார்ஃபின்: விலகல் அறிகுறியும் ஏக்கமும் திரும்பும். இங்கும் உயிராபத்து உண்டு.

வேலைக்குத் திரும்புதல்
2011இல் வெளியான ஃபுளோரிடா ஆய்வில், நால்ட்ரெக்சோன் எடுக்காத மயக்கவியல் மருத்துவர்கள் 11 பேரில் 8 பேர் மீண்டும் பழக்கத்தில் விழுந்தனர். எடுத்த 11 பேரில் ஒருவரே. சிறிய ஆய்வு, ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.
புப்ரெனார்ஃபின் எடுப்பவரைப் பணிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கும் போக்கு நெடுங்காலம் இருந்தது. மருத்துவர் பரிந்துரைத்து எடுப்பவரை அதற்காக ஒதுக்குவது பாகுபாடு என்று 2022இல் அமெரிக்க அரசின் நீதித் துறை (Department of Justice) விளக்கியது. மிகத் தாமதமான நியாயம்.

விலகல் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடந்து, மயக்க மருந்துகளுக்கு நடுவே மீண்டும் நிற்கப்போகிறவருக்கு, கண்காணிப்போடு நால்ட்ரெக்சோன் ஊசி. பலமுறை விழுந்தவருக்கும், நாள்பட்ட வலி உள்ளவருக்கும், அந்த 7 முதல் 10 நாளைத் தாண்ட முடியாதவருக்கும் புப்ரெனார்ஃபின்.