நிட்டிங் ஷெட்டில் நேனோபை நியோ: பூட்லோடரை நாமே போட்டுக்கொள்ள முடிகிற போர்டு

நேனோபை நியோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். திரை வேண்டாம், ஒரு நெட்வொர்க் கேபிள் போதும், மாதக்கணக்கில் யாரும் தொடாமல் ஓட வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிள்ளைகளுக்கு வீட்டுக் கம்ப்யூட்டராகக் கொடுக்க, டிவியில் மாட்டிப் படம் பார்க்க என்றால் வேண்டவே வேண்டாம். எச்டிஎம்ஐ சொருகவே இதில் இடம் கிடையாது.

நாலு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர், அவ்வளவுதான் அளவு. உள்ளே ஆல்வின்னர் எச்3 சிப், நாலு கார்டெக்ஸ்-ஏ7 கோர். ரேம் 256 அல்லது 512 எம்பி. 100 மெகாபிட் ஈதர்நெட், ஒரு யூஎஸ்பி, மைக்ரோ எஸ்டி கார்டு, கரண்ட் கொடுக்க ஒரு மைக்ரோ யூஎஸ்பி. திருப்பூரில் சர்க்குலர் நிட்டிங் மெஷின்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். மெஷின் எத்தனை சுற்று ஓடியது, எப்போது நின்றது, ரோல் எப்போது இறக்கினார்கள் என்பதை எண்ணி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுக்கிறேன். மெஷினில் ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார், நடுவில் இரண்டு பக்கத்து மின்சாரத்தையும் பிரித்து, ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர், அப்புறம் இந்த போர்டு. (24 வோல்ட் சென்சாரை நேராக போர்டில் மாட்டிவிடாதீர்கள். இதன் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும்.) இந்த வேலைக்கு இதன் வேகம் தாராளம்.

ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேகமும் இல்லை, விலையும் இல்லை. இதன் பூட்லோடரை, அதாவது கரண்ட் வந்ததும் முதலில் எழுந்து லினக்ஸை ஏற்றும் புரோகிராமை, ஒரு வரி விடாமல் நாமே கட்டி, நாமே போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு முன் வேறொரு கம்பெனி போர்டைப் பயன்படுத்தினேன். பேர் வேண்டாம். மேசையில் அருமையாக ஓடியது. பல்லடம் ரோட்டில் ஒரு ஷெட்டில் மாட்டியதும் வம்பு ஆரம்பித்தது. ஈபி ஷட்டவுன் முடிந்து கரண்ட் வந்தால் சில பெட்டிகள் மட்டும் உயிர் பெறாது. விளக்கு எரியும், நெட்வொர்க்கில் ஆள் இருக்காது. யூனிட்காரர் வயதானவர், மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏனம்மிணி, மெஷினெல்லாம் ஓட ஆரம்பிச்சாச்சு, உங்க பொட்டி மட்டும் இன்னும் முழிக்க மாட்டேங்குதுங்களே?" போர்டு சொல்வதை லேப்டாப்பில் எழுத்தாகக் காட்டும் சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தால், பூட்லோடர் கட்டளை கேட்கும் தன் ப்ராம்ப்ட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ கீ தட்டியதாக நினைத்து நின்றுவிட்டது!

தட்டியது இன்வெர்ட்டர். நிட்டிங் மெஷின் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் கிளப்பும் நாய்ஸ், எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்கும், வெளியிலிருந்து எழுத்தை வாங்கும் சீரியல் ஆர்எக்ஸ் பின்னில் ஏறுகிறது. போர்டுக்கு அது எழுத்தாகத் தெரிகிறது. யூ-பூட் என்கிற பூட்லோடரின் இயல்பு அமைப்பில், லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும் முன் இரண்டு வினாடி காத்திருந்து, ஏதாவது கீ வந்தால் நின்றுவிடும். உலகத்தில் பாதி போர்டுகளில் இந்த இரண்டு வினாடி இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது, மேசையில் வேலை செய்கிறவருக்கு அது வசதி. அந்தப் பழைய போர்டில் என் குறை வேறு. இதை மாற்ற வேண்டுமென்றால் பூட்லோடரைத் திரும்பக் கட்ட வேண்டும். அதில் ரேமை எழுப்பும் பகுதி மூல கோடு இல்லாத வெறும் பைனரியாகத்தான் கிடைத்தது. என் போர்டுக்கு எந்தப் பைனரி பொருந்தும் என்று கம்பெனிக்கு எழுதினால் பதிலே வரவில்லை. சரி என்று அந்த போர்டையே விட்டுவிட்டேன்.

நியோவில் அந்தப் பாடு இல்லை. எச்3 சிப்பின் ரேமை எழுப்பும் புரோகிராம் கோடு யூ-பூட்டின் மெயின்லைனிலேயே, அதாவது அதன் பொதுவான மூலத்திலேயே, திறந்த மூலமாக இருக்கிறது. 32 பிட் சிப் என்பதால், 64 பிட் போர்டுகளில் கூடவே கட்ட வேண்டியிருக்கும் டிரஸ்டட் ஃபர்ம்வேர் என்கிற பாதுகாப்புப் பகுதியும் இதற்குத் தேவையில்லை. யூ-பூட்டைத் தொடங்கியவர் ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க். முதலில் பவர்பிசி சிப்புகளுக்காகத் தொடங்கியது, 2002-ல்தான் இப்போதைய பெயரை எடுத்தது. இன்று ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலும் இதுதான். டெங்க் 2022-ல் காலமானார். பல்லடம் ரோடு ஷெட்டில் ஓடும் பெட்டிக்குள்ளும் அவர் தொடங்கிய வேலை இருக்கிறது என்பதை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கட்டுவது எப்படி என்று பயப்பட வேண்டாம். டெபியன் அல்லது உபுண்டு லேப்டாப் போதும். ஆர்ம் ஹார்ட் ஃப்ளோட் கிராஸ் கம்பைலர் (லேப்டாப்பில் இருந்தபடியே ஆர்ம் சிப்புக்குக் கட்டித் தருவது), பைசன், ஃப்ளெக்ஸ், ஸ்விக், பைத்தான் டெவலப்மென்ட் ஃபைல்கள், ஓபன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் ஃபைல்கள், இவற்றை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விக் இல்லாவிட்டால் பாதியில் புரியாத எரர் கொடுத்து நிற்கும், பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். யூ-பூட் மூலத்தை இறக்கி, 'நேனோபை நியோ' டெஃப்கான்ஃபிக்கை (இந்த போர்டுக்கான தயார் அமைப்பு ஃபைல்) தேர்ந்தெடுத்து, கிராஸ் கம்பைலர் பெயரைக் கொடுத்து மேக் அடித்தால், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வெளியீடுகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒன்று வருகின்றன. வெர்ஷன் எண்ணே ஆண்டும் மாதமும்தான். வெளியீட்டுக்கு முந்தைய ஆர்சி எண் போட்டதை எடுக்காதீர்கள்.

டெஃப்கான்ஃபிக்கை ஒருமுறை திறந்து பாருங்கள், குட்டி ஃபைல்தான். ரேம் வேகம் 408 மெகாஹெர்ட்ஸ் என்று அடக்கமாக வைத்திருக்கிறார்கள். இதே சிப் உள்ள வேறு போர்டுகளில் 600-க்கு மேல் போகும். அதை ஏற்றிப் பார்க்கிற ஆசை வேண்டாம். மே மாசத்தில் தகர ஷெட்டுக்குள் நிம்மதியாக ஓட வேண்டிய பெட்டி இது.

நான் மாற்றுவது ஒன்றே ஒன்று, பூட் டிலே, அதாவது அந்த இரண்டு வினாடிக் காத்திருப்பு. மெனுகான்ஃபிக் என்கிற அமைப்பு மெனுவில் போய் அதை மைனஸ் 2 என்று வைக்கிறேன். காத்திருக்கவும் வேண்டாம், கீ வந்ததா என்று பார்க்கவும் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். மைனஸ் 1 போட்டுவிடாதீர்கள், அது தானாக பூட் ஆவதையே நிறுத்திவிடும். இன்னொரு வழியும் உண்டு: குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால் மட்டும் நிற்கும்படி வைக்கலாம், நாய்ஸ் அந்தச் சொல்லைத் தட்டிவிடாது. எச்3-க்கு மெயின்லைன் கோடு ஆர்எக்ஸ் பின்னுக்கு உள்ளேயே புல்-அப் போட்டு, அந்தரத்தில் விடாமல் மேல் வோல்ட்டேஜில் பிடித்து வைப்பதால் தொந்தரவு முதலிலேயே குறைவுதான். இருந்தாலும் இன்வெர்ட்டர் பேனலுக்குப் பக்கத்தில் தொங்கப் போகிற பெட்டிக்கு நான் மைனஸ் 2 தான் போடுவேன்.

கார்டில் ஏற்றுவதில்தான் கவனம் வேண்டும். சிப்புக்குள் பொறித்திருக்கும் ரோம் கார்டில் ஃபைல் எதையும் தேடாது. கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கும். அங்கே எஸ்பிஎல் என்கிற குட்டிப் பகுதி இருக்க வேண்டும், அளவு 32 கேபிக்குள். அது ரேமை எழுப்பி முழு யூ-பூட்டைக் கூப்பிடும், யூ-பூட் கெர்னலைக் கூப்பிடும். கட்டி முடித்ததும் எஸ்பிஎல்லும் யூ-பூட்டும் சேர்ந்த ஒரே ஃபைல் கிடைக்கிறது. அதை டிடி கட்டளையால், 1024 பைட் பிளாக் அளவில் 8 பிளாக் தள்ளி எழுதினால் வேலை முடிந்தது. கார்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியலாக ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள் போட்டிருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். ஆகவே பழைய எம்பிஆர் டேபிள் வைத்துக்கொண்டு, முதல் பார்ட்டிஷனை 1 எம்பியில் தொடங்குங்கள். ஜிபிடிதான் வேண்டும் என்றால் 128 கேபி தள்ளி எழுதலாம், எச்3 அங்கேயும் பார்க்கும். எழுதும் முன் எது கார்டு, எது லேப்டாப்பின் டிஸ்க் என்று, டிஸ்க்குகளைப் பட்டியல் போடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், டிடிக்கு இரக்கம் கிடையாது.

எல்லாம் சரியாக இருந்தால் சீரியலில் முதலில் எஸ்பிஎல் தன் வெர்ஷனைச் சொல்லும், அடுத்த வரியில் ரேம் 512 எம்பி என்று வரும், அதற்கடுத்து எம்எம்சி1-லிருந்து (அதாவது கார்டிலிருந்து) பூட் செய்யப் பார்க்கிறேன் என்று வரும். ரேம் வரி வந்துவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி. அதற்கு முன்பே நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் கார்டை.

சரி, பூட் டிலேயை மைனஸ் 2 ஆக்கிவிட்டால் பிறகு ஏதாவது கெட்டுப்போனால் எப்படி உள்ளே நுழைவது? இந்த இடத்தில்தான் இந்த போர்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். கார்டைக் கழற்றிவிட்டு, கரண்ட் கொடுக்கும் அதே மைக்ரோ யூஎஸ்பியை லேப்டாப்பில் சொருகுங்கள். பூட் செய்ய எதுவும் கிடைக்காத ரோம், ஃபெல் என்கிற நிலைக்குப் போய் யூஎஸ்பி வழியே கட்டளைக்குக் காத்திருக்கும். ஆல்வின்னர் சிப்புகளுக்கான சன்க்ஸி டூல்ஸில் உள்ள சன்க்ஸி-ஃபெல்லிடம் வெர்ஷன் கேட்டால் எச்3 என்று சிப் தன் பெயரைச் சொல்லும். அதே கருவியால், பூட் டிலே உள்ள இன்னொரு யூ-பூட்டை நேராக ரேமில் ஏற்றி ஓட விடலாம். ப்ராம்ப்ட் வந்ததும் கார்டைச் சொருகி, வேண்டியதைப் பார்க்கலாம். ரோம் சிப்பிலேயே பொறிக்கப்பட்டது, யாராலும் கெடுக்க முடியாது. ஆகவே சீரியல் கதவை இறுக்கிப் பூட்டினாலும் எனக்குப் பயமில்லை. தனி பட்டனோ ஜம்பரோ தேவையில்லை என்பதால் ஃபோனிலேயே சொல்லி ஃபிட்டர் பையனைச் செய்ய வைக்கலாம்: "தம்பி, அந்தக் கார்டை ஒருக்கா அமுக்கி எடுங்க."

நம் ஊர் கரண்ட் கட்டுக்கு இன்னொரு வசதி. யூ-பூட்டில் பூட் கவுன்ட் வசதியை இயக்கி, கார்டில் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் இரண்டு வைத்திருக்கிறேன். புதிய சாஃப்ட்வேரை இரண்டாவதில் போட்டு, அப்டேட் வந்திருக்கிறது என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டால், ஒவ்வொரு பூட்டுக்கும் யூ-பூட் எண்ணிக்கொண்டே வரும். என் புரோகிராம் நல்லபடியாக எழுந்தால் எண்ணிக்கையை அழித்துவிடும். எழாமல் வரம்பு தாண்டினால் யூ-பூட் தானாகவே பழைய பார்ட்டிஷனுக்குத் திரும்பிவிடும். எண்ணிக்கையை யூ-பூட் தன் அமைப்புகளைச் சேமிக்கும் என்விரான்மென்ட்டில் வைக்கும் முறையில் கொடி உயர்ந்திருக்கும்போது மட்டுமே கார்டில் எழுதும், சும்மா ஒவ்வொரு முறையும் எழுதிக் கார்டைத் தேய்க்காது. ராத்திரி ஷிஃப்டில் அப்டேட் அனுப்பிவிட்டுத் தூங்கப் போக முடிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. எச்3 சூடாகிற சிப், ஹீட்சிங்க் கண்டிப்பாக வேண்டும். நிட்டிங் ஷெட்டில் அந்த ஹீட்சிங்க்கின் பல் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து வெள்ளைக் கம்பளி போர்த்தியது மாதிரி ஆகிவிடும். காற்றுத் துளை வைத்த பெட்டியை விட, மூடிய அலுமினியப் பெட்டிக்குள் சிப்பைத் தெர்மல் பேடால் பெட்டியோடு ஒட்டவைப்பதுதான் இங்கே சரிப்படுகிறது. போர்டிலேயே ஒட்டிய இஎம்எம்சி சேமிப்பு கிடையாது, எல்லாம் எஸ்டி கார்டுதான், நல்ல கார்டுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். மைக்ரோ யூஎஸ்பி கரண்ட் பிளக், மெஷின் அதிர்வில் தளர்கிறது. நான் பின் ஹெட்டரில் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடுகிறேன். எச்3 2014-ல் வந்த சிப், இனி வேகம் கூடப் போவதில்லை.

ராஸ்பெரி பை நல்ல போர்டு, ஆனால் அதன் பூட் வேலை மூல கோடு திறக்காத ஃபர்ம்வேரில் தொடங்குகிறது, அந்தப் பகுதியை நாம் கட்ட முடியாது. வேகம் வேண்டும் என்பவர்கள் ராக்சிப் ஆர்கே3399 போர்டுகளுக்குப் போகலாம். அதற்கு டிரஸ்டட் ஃபர்ம்வேரும் கட்ட வேண்டும், எழுதும் இடமும் வேறு, 64-வது செக்டார். அதன் சீரியல் வேகம் விநாடிக்கு 15 லட்சம் பிட். சீரியலை லேப்டாப்பின் யூஎஸ்பியில் மாட்டித் தரும் சாதாரண சிபி2102 அடாப்டர் 10 லட்சத்தோடு நின்றுவிடும், திரையில் குப்பைதான் வரும். நியோவுக்கு 1,15,200 போதும் என்பதால் எந்த அடாப்டரும் ஆகும்.

அடாப்டரை காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலேயே ஜம்பரை 5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு மாற்றி மாட்டிக் கொடுத்தார். "இப்படியே கொண்டு போனீங்கன்னா போர்டு போயிருமுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே கடைக்கு ஐந்து நட்சத்திரம். நியோவின் சீரியல் ஹெட்டரில் நாலு பின் இருக்கும்: கிரவுண்ட், 5 வோல்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ். தனி சப்ளை கொடுத்திருந்தால் அந்த 5 வோல்ட் பின்னைத் தொடாமல் மற்ற மூன்றை மட்டும் மாட்டுங்கள். வாங்கும்போது 512 எம்பி போர்டாகக் கேட்டு வாங்குங்கள். 256-ல் என் கணக்குப் புரோகிராம் ஓடுகிறது, ஆனால் பைத்தானில் ஏதாவது கூடுதலாகச் சேர்த்தால் மூச்சு வாங்குகிறது.