ஈசிஎம் மாற்றி ஓட்டிய பின்: வண்டி தங்கம், வயிற்றெரிச்சல் மட்டும் தீரவில்லை

தூத்துக்குடி நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு எஸ்டிமேட்டை போட்டோ எடுத்து அனுப்பி, "ஈசிஎம் போச்சுங்கிறாங்க, மாத்தவா, இல்ல வண்டியையே தள்ளி விட்டுரவா?" என்று கேட்டிருந்தார். ஈசிஎம் என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. அவருடையதும் என்னுடையதும் ஒரே மாடல், அதே பிஎஸ்4 மாசு விதிக் காலத்து காமன் ரெயில் டீசல் இன்ஜின். நான் ஈசிஎம் மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன், அதனால் அவருக்குச் சொன்னதையே விரிவாக இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

என் வண்டிக்கு வந்த நோய் இதுதான். நெல்லையிலிருந்து மதுரைப் பக்கம் போனால் கோவில்பட்டி வரை ஒரு குறையும் இருக்காது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, மிதித்துக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பொத்தென்று விழும், வண்டி அணைந்துவிடும். நான்குவழிச் சாலையில் பின்னால் லாரி வரும்போது இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் குடும்பத்தோடு போகும்போது. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஆனால் செக் இன்ஜின் லைட் எரியாது. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் எரிகிறதா என்பதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் ஒன்று ஈசிஎம்முக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது எர்த் கிடைக்கவில்லை, அல்லது அதுவே செத்துக் கிடக்கிறது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டதில் வந்த பிழைக் கோடு (code) யு0100. வண்டியில் இருக்கும் மற்ற எலக்ட்ரானிக் மாட்யூல்களுக்கு இன்ஜின் ஈசிஎம்மிடமிருந்து பதில் வரவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஏன் வரவில்லை என்று அந்தக் கோடு சொல்லாது, அதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே யாரும் மீட்டரையே கையில் எடுக்கவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றினார்கள், அப்புறம் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள், இரண்டுக்கும் பில் வந்தது, வண்டி பழையபடியே நின்றது. கடைசியில் "ஈசிஎம் போட்டுப் பார்த்துரலாம் சார்" என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள், 40,000 ரூபாயை ஒட்டி. அதன் அடியில் பொடி எழுத்தில், எலக்ட்ரிகல் பாகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரு வரி. அதாவது போட்ட பிறகும் வண்டி நின்றால் அந்தப் பணம் போனது போனதுதான். என் கோபம் முழுக்க இந்த ஒரு வரி மேல்தான்.

கையெழுத்துப் போடாமல் பாளையங்கோட்டையில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். "சூடானாத்தானே நிக்குது தம்பி? அப்ப சூடாக்கிப் பாத்துருவோம்" என்றார். முதலில் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் வயர், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் எல்லாம் பார்த்தார். ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி அந்த 5 வோல்ட்டை இழுத்துவிட்டாலும் ஈசிஎம் செத்த மாதிரியே தெரியுமாம். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுவதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் மீட்டரை வைத்தார், 60 ஓம்ஸ் காட்டியது. மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர் ஜோடிதான் கேன் லைன். அதன் இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒரு 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் உண்டு, இரண்டும் பேரலலாகச் சேர்ந்து 60 காட்டினால் லைன் சரி. எங்கள் மாடலில் அதில் ஒன்று ஈசிஎம்முக்கு உள்ளேயே இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஈசிஎம்மின் அலுமினியப் பெட்டி மேல் காட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் 120க்குத் தாவியது, அதாவது உள்ளே இருக்கும் அந்த ரெசிஸ்டரின் தொடர்பு விட்டுப்போனது. வயர்கள் மாட்டியிருக்கும் கப்ளரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், மாறவில்லை. ஆறவிட்டார், மறுபடி 60. பெட்டிக்குள் எங்கோ சால்டர் விட்டிருக்கிறது என்றார். எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது, ஏனென்றால் முதல் தடவையாக ஒருவர் நோயை என் கண் முன்னால் காட்டினார். இதற்குத் தேவைப்பட்டது ஒரு மீட்டரும் ஒரு ஹேர் டிரையரும் தான்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் கிடைக்குமே என்று நினைப்பீர்கள். கிடைக்கும், ஆனால் மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. சாவிக்குள் இருக்கும் சிப், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு, ஈசிஎம் மூன்றும் ஒன்றுக்கொன்று ரகசியமாகப் பேசி ஒத்துப்போனால்தான் டீசல் அடிக்கும். பழைய ஈசிஎம்மின் மெமரியை அப்படியே பிரதி எடுத்து வேறொன்றில் ஏற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கு இரண்டையும் பிரிக்க வேண்டும், நான் அந்த ரிஸ்க் எடுக்கவில்லை, புதுசே போட்டேன். திருட்டைத் தடுக்க இந்தப் பூட்டு வேண்டும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பூட்டு, புது ஈசிஎம்மை ஒரு தடவை என் வண்டியோடு இணைத்துவிட்டால் அடுத்த வண்டிக்குக் கழற்றி மாட்ட முடியாதபடி செய்துவிடுகிறது, அதைச் சாக்காக வைத்துத்தான் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். அப்படியானால் விற்பதற்கு முன்னால் உறுதியாகச் சோதிக்கும் கடமை யாருடையது? தவறான கணிப்புக்கு வண்டிக்காரன் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அமெரிக்காவில் எமிஷனுக்கான (புகை மாசுக் கட்டுப்பாட்டுக்கான) எலக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட்டுக்கு 8 வருஷம் அல்லது 80,000 மைல் வாரண்டி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அது ஏறக்குறைய 1,29,000 கிலோமீட்டர். என் வண்டி அந்த தூரத்தைத் தொடவே இல்லை.

புது ஈசிஎம்மை வண்டியோடு இணைக்கும் வேலை கம்பெனி ஸ்கேனரிலும் சர்வரிலும்தான் நடக்கும் என்பதால் மறுபடி அதே சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டியிருந்தது. மாட்டிக் கொடுத்தார்கள், ஐடிலிங்கில் வண்டி குலுங்கியது. காரணம் இன்ஜெக்டர் கோடு ஏற்றவில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் எழுத்துகளாலான ஒரு கோடு (code) பொறித்திருக்கும், அது எவ்வளவு டீசலைக் கூடக் குறைய அடிக்கிறது என்பதற்கான திருத்தம் அது, புது ஈசிஎம்முக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு சின்னப் பையன் மொபைல் டார்ச் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, நான்கையும் எழுத்தெழுத்தாகப் படித்து ஏற்றினான். குலுக்கல் அந்த நிமிஷமே நின்றது. நன்றாக வேலை தெரிந்த பையன்.

அதற்குப் பிறகு வண்டி ஓடும் ஓட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட், கயத்தாறு பக்கம் எதிர்காற்றிலும் நான்காவது கியரில் அசராமல் இழுக்கிறது, சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு மதுரைக்குப் போய் வந்தும் ஒரு தடவைகூட நிற்கவில்லை, மைலேஜும் முன்னைவிடக் கூடியிருக்கிறது. இந்த இன்ஜினைப் போல் ஒன்றை இந்த விலையில் இனிமேல் யாரும் தரப்போவதில்லை.

நண்பருக்கு நான் சொன்னது: மீட்டர் வைத்து, சூடாக்கி, உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். இன்ஜெக்டர் கோடு ஏற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள், பழைய ஈசிஎம்மைக் கையோடு வாங்கி வாருங்கள். வண்டியை விற்காதீர்கள். நானும் விற்க மாட்டேன். ஆனால் என் அடுத்த வண்டி இந்தக் கம்பெனியில் கிடையாது, தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் சரி.