ஈக்வடார், இன்டாக்: ஹூனின் ஊர் விடுதி எப்படி?

வசதிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஹூனின் விடுதி சுமார்தான். மரமும் மூங்கிலுமாக ஒரு கட்டடம், தாழ்வாரத்தில் ஆடும் வலைத்தொட்டில்கள், பொதுக் குளியலறை. இதைவிட நல்ல மெத்தை வழியில் ஒடவாலோ ஊரிலேயே கிடைக்கும். இங்கே காசு கொடுப்பது காட்டு நடைக்கும், கூட்டிப்போகிற ஆட்களுக்கும்தான்.

இடம் இம்பாபுரா மாகாணத்தில் ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவு. மேலே மேகக்காடு, அடியில் செம்பு. 1990களில் மிட்சுபிஷியின் துணை நிறுவனம் ஒன்று துளை போட்டுப் பார்த்தது. 1997 மே மாதம் ஊரார் அதன் முகாமிலிருந்த சாமான்களைப் பட்டியல் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, முகாமைக் கொளுத்தினார்கள். சுரங்கம் வேண்டாமென்றால் பிழைப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஊர் கொடுத்த பதில்களில் ஒன்று இந்த விடுதி. சமைப்பது, அறையைப் பெருக்குவது, வழிகாட்டுவது எல்லாம் ஊர்க்காரர்களே.

போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. தலைநகர் கித்தோவின் கார்செலேன் நிலையத்திலிருந்து ஒடவாலோவுக்குப் பேருந்தில் இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கிருந்து இன்டாக் பள்ளத்தாக்குக்கு வேறு பேருந்து. குளிர்ந்த மேட்டைத் தாண்டி அபுவெலா வழியாக இறங்கும். ஹூனின் பக்கம் போகும் வண்டிகள் குறைவு. கடைசித் தொலைவுக்கு ஊர்க்காரரின் பிக்-அப் வண்டியை முன்னதாகவே சொல்லி வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில் மண் சரிந்து சாலை அடைபடுவது சகஜம் என்பதால், விமானத்துக்கு முந்தைய நாள் கிளம்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒருநாளாவது கையில் இருக்கட்டும். பணம் அமெரிக்க டாலர்தான், அதுவும் ரொக்கமாக, 1, 5, 10 தாள்களாக. 50, 100 தாளை நீட்டினால் சில்லறைக்கு ஊரே அலையும்.

நடைக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் தவிர வேறெதுவும் உதவாது. விலையுயர்ந்த மலையேற்றக் காலணி இந்தக் களிமண்ணில் பத்து நிமிடம் தாங்காது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிடி மண்ணைச் சேர்த்துக்கொண்டு, அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். இரவல் பூட்ஸை நம்பினால் பெரிய அளவு கிடைக்காமல் போகலாம், அதனால் ஒடவாலோவிலேயே ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். காட்டுக்குள் போகுமுன் அதைக் கழுவிக் காயவைப்பது முக்கியம். நீண்ட மூக்குள்ள அட்டெலோபஸ் தவளை 1989க்குப் பிறகு கண்ணில் படாமல், அழிந்துவிட்டதென்றே நினைத்திருந்த இனம். 2016இல் இங்கேதான் மீண்டும் கிடைத்தது. இவ்வகைத் தவளைகளைக் கொன்று குவித்த பூஞ்சை ஈரமண்ணோடு காலணியில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யக்கூடியது. கொசு மருந்து பூசிய கையால் தவளையைத் தொடவும் கூடாது, அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும்.

நல்ல வழிகாட்டி அமைந்தால் நடை முழுக்க வரலாற்றுப் பாடம்தான். 2006 டிசம்பரில் கனடா சுரங்க நிறுவனம் ஒன்றுக்காக வந்த ஆயுதக் காவலர்களை ஊரார் பிடித்துத் தேவாலயத்தில் அடைத்தது, 2014இல் அரசு சுரங்க நிறுவனமும் சிலியின் அரசு செம்பு நிறுவனமான கொடெல்கோவும் போலீஸ் துணையோடு நுழைந்தது, 2023 மார்ச்சில் மாகாண நீதிமன்றம் சுரங்க உரிமத்தை ரத்து செய்தது எல்லாம் நடந்த மண் இதுதான். அருவிப் பாறையில் மஞ்சள் படிவம் தெரிந்தால் கேளுங்கள். துளையிட்ட பிறகு வந்ததென்பது எதிர்ப்பாளர்கள் தரப்பு. ஸ்பானிஷ் தெரியாவிட்டால் இதில் பாதி கைநழுவும். மொழிபெயர்ப்புச் செயலியை இணையமின்றி வேலை செய்யும்படி முன்பே இறக்கி வையுங்கள். முகம் தெரியப் படம் எடுக்கக் கேட்டுவிட்டே எடுங்கள். வழக்கு, சிறை எல்லாம் பார்த்த ஊர்.

சாப்பாடு எளிமை: சூப், சோறு, பீன்ஸ், வாழைக்காய், மரவள்ளி. சைவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வராது, ஆனால் கோழி வந்து சேரலாம். 'நி போயோ, நி பெஸ்காடோ' என்று கோழியையும் மீனையும் சேர்த்து மறுக்க வேண்டும். கட்டணத்தில் எத்தனை வேளைச் சாப்பாடு, வழிகாட்டிக்குத் தனியா என்பதை முன்பதிவின்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

குறை ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. விடுதி சிலருக்குத்தான் வேலை தரும், அதுவும் ஆள் வரும் மாதங்களில். சுரங்க நிறுவனமோ மாதச் சம்பளத்தோடு வந்தது. சிலர் அதில் சேர்ந்தார்கள், சொந்தக்காரர்களுக்குள்ளேயே பேச்சு நின்றது. 'சுற்றுலா ஊரைக் காப்பாற்றிவிட்டது' என்று விளம்பரம்போல் எழுதுபவர்களை நம்பாதீர்கள். வட்டாரத்தைத் தாங்குவதில் 1998இல் தொடங்கிய காப்பி விவசாயிகள் சங்கத்துக்கும், கபுயா என்ற கற்றாழை போன்ற செடியின் நாரில் பை பின்னும் பெண்கள் குழுவுக்கும் பங்குண்டு.

ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்புவது வீண். வந்த அலுப்பு தீரவே ஒருநாள் போய்விடும், ஊருக்கும் பெரிதாக ஒன்றும் நிற்காது. மூன்று ராத்திரி என்றால் அருவிக்கு ஒருநாள், பறவைகளுக்கு ஒரு விடியற்காலை, ஒரு மதியம் மழைக்கு என்று சரியாக இருக்கும். திரும்பும்போது அரைக் கிலோ காப்பித்தூளைப் பள்ளத்தாக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கித்தோ போய்ச் சேரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.