மேசன் சபையா, ரோட்டரியா?

அட்டன், நுவரெலியா பக்கம் ஏதாவது சங்கத்தில் சேர நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. மேசன் (Freemason) என்பது கொத்தனார் கருவிகளைச் சின்னமாக வைத்து, சடங்கு வழியாக ஒழுக்கம் பழக்கும் சகோதர சங்கம். ரோட்டரி ஊருக்குச் சேவை செய்யும் சங்கம். மேசன் என்றாலே துரைமார் சங்கதி என்ற நினைப்பு வேறு.

வயது: மேசன்களின் முதல் பெருஞ்சபை 1717, லண்டன். ரோட்டரி 1905, சிகாகோ.

சின்னம்: ரோட்டரிக்கு ஒரு பற்சக்கரம், அவ்வளவுதான். மேசனில் சின்னம்தான் பாடமே. கொத்தனாரின் மூலைமட்டம் நேர்மையான நடத்தையைக் குறிக்கும். கவராயம் ஆசைக்கு எல்லை போடச் சொல்லும். செதுக்காத கல் புதிதாக வருபவர், செதுக்கிய கல் அவர் ஆக வேண்டியவர். உறுப்பினர் ஏற வேண்டியது மூன்று படிகள், படிக்கொரு சடங்கு. மனப்பாடம் நிறைய!

நம்பிக்கை: மேசனில் இறைநம்பிக்கை கட்டாயம், மதம் எதுவானாலும் சரி. சபைக்குள் மத, அரசியல் வாதம் கூடாது (தேர்தல் கதை பேசாமல் ஒரு மாலையா, நம்ம ஊரிலா!). ரோட்டரி உங்கள் கடவுளைப் பற்றிக் கேட்காது.

பெண்கள்: இங்கிலாந்து மரபு மேசன் சபைகளில் இடமில்லை. ரோட்டரியில் 1989 முதல் உண்டு.

செலவு: இரண்டிலும் சந்தா. மேசனில் ஏப்ரன், கையுறையும் சேரும்.

லயத்துப் பிள்ளைகளின் படிப்பு, தண்ணீர் வசதி என்று இறங்கி வேலை செய்ய ஆசையா? ரோட்டரி. சடங்கும் தத்துவமும் இழுக்கிறதா? மேசன். சிபாரிசு தேடுபவருக்கு இரண்டும் வேண்டாம். மேசனில் சேரும்போதே சொந்த லாபத்துக்காக வரவில்லை என்று உறுதி வாங்கிவிடுவார்கள்.